சுவரைப் பார்த்துத் தொங்கிய சாம்பியன்

கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தும் ஹாக்கி மட்டையைக் கையால் தொடாத ஒரே ஆண்மகன் நாக்கவுட் அண்ணாச்சியாகத்தான் இருக்க முடியும். இந்த ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே மட்டை பிடிக்கப் பழகிவிடும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் எந்த இடத்தில் நின்று ஆடுவார் என்று கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்துக்கொண்டு, குத்துச்சண்டையைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டே இல்லை என்று அடித்துப் பேசியவர் அவர். ஹாக்கியைப் பற்றிக் கேட்டால், "அதுல பந்தைப் போட்டுல்லா அடிக்கானுவ. பந்து என்ன செஞ்சுது, பாவம்?" என்பார்.

இத்தனைக்கும் அவர் யாரையும் விரலால் சுண்டியதுகூடக் கிடையாது. கறிக்கடையில் கோழி அறுக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆள். டிவியில் பலமான குத்து விழப்போகிறது என்று தெரிந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். "விழுந்துட்டானா? எந்திச்சுட்டானா?" என்று எங்களிடம் கேட்பார். எழுந்துவிட்டான் என்று நாங்கள் சத்தியம் செய்த பிறகுதான் கண்ணைத் திறப்பார். உலகத்தின் பெரிய நாக்கவுட்டுகள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டே பார்த்தவர் என்பதால்தான் அந்தப் பட்டப்பெயர். அவருடைய சொந்தப் பெயர் இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் அப்போது இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, அவர் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தேன். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். ஊரே கறிக்கடையில் நிற்கிற அந்த நேரத்தில் அண்ணாச்சியின் ஷட்டர் பாதி தூக்கியிருக்கும். குனிந்து உள்ளே போனால் லாரி புக்கிங் ஆபீஸ் முருகையா, அவரோடு வரும் நாலைந்து பேர், பின்கட்டிலிருந்து டீ கொண்டுவரும் அண்ணாச்சியின் மனைவி. எங்களுக்கெல்லாம் அவர் மதினி.

கடையில் ஒரு சுவரில் சாமிகள். இன்னொரு சுவரில் பிரேம் போட்டு முடிந்து, வீட்டார் வந்து வாங்கிப்போகக் காத்திருக்கும் இறந்துபோனவர்கள். மூன்றாவது சுவர் முழுக்கக் குத்துச்சண்டைக்காரர்கள். வெளிநாட்டுப் பெயர்கள் நாக்கில் புரளாததால் அண்ணாச்சி எல்லோருக்கும் தானே பெயர் வைத்திருந்தார். ஒருவன் தங்கப்பல், ஒருவன் கடப்பாறை, சுற்றிச் சுற்றி வந்து அடிப்பவன் கீரிப்பிள்ளை. "இந்த வாரம் கடப்பாறைக்கும் கீரிப்பிள்ளைக்கும் சண்டை" என்று நாங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டு வெளியூர்க்காரர் ஒருவர் பெஞ்சை விட்டே எழுந்து போயிருக்கிறார்.

அந்தச் சுவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எவனாவது குத்துச்சண்டை வளையத்துக்கு வெளியே தப்புத்தண்டா செய்தான் என்று செய்தி வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை முடிந்ததும் பஞ்சாயத்து. கை தூக்கி ஓட்டு. திருப்பச் சொல்லும் கைகள் கூடுதலாக இருந்தால், படத்தைக் கழற்றி முகம் சுவரைப் பார்க்க மாட்டிவிடுவார். நமக்குத் தெரிவது பின்பக்கத்து அட்டை மட்டும்தான். தோற்றதற்காக ஒருவனைக்கூட அவர் திருப்பியதில்லை.

கடப்பாறை குடித்துவிட்டு ஹோட்டல் சிப்பந்தியை அறைந்தான், திரும்பினான். மன்னிப்புக் கேட்டான் என்று தெரிந்ததும் நேராக்கப்பட்டான். தங்கப்பல் மூன்றாம் கல்யாணம் செய்தபோது பெரிய வாக்குவாதம் நடந்தது. "அது குத்தம் இல்ல அண்ணாச்சி, தைரியம்லா!" என்று முருகையா வாதாடிக் காப்பாற்றிவிட்டார். கீரிப்பிள்ளை, சீக்காகக் கிடந்த தாயைப் போய்ப் பார்க்கவில்லை என்று சேதி வந்து, ஒரு கைகூடக் குறையாமல் திருப்பப்பட்டான். பிறகு அது பொய்ச் செய்தி என்று தெரிந்தது. அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. படத்தை நேராக்கி, பூக்கடையில் மாலை வாங்கிப் போட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தச் சமயம் பார்த்து உள்ளே வந்த ஒரு வாடிக்கையாளர் மாலையைப் பார்த்துவிட்டு, "எப்பம் தவறுனாரு? உங்களுக்கு என்ன உறவு?" என்று துக்கம் விசாரித்தார். அண்ணாச்சியும் கண் கலங்கித்தான் பதில் சொன்னார்.

முருகையாவுக்கு இந்தப் பஞ்சாயத்தே பிடிக்காது.

"வளையத்துக்குள்ள என்ன செய்யுதான்னு பாருங்க அண்ணாச்சி. அவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கது நம்ம சோலியா? கைதட்டுதோம், வாரோம். அம்புட்டுத்தான்."

"முருகையா, அங்கன எதிராளியும் கையில உறை மாட்டிருக்கான். நடுவுல ஒருத்தர் நிக்காரு. மணி அடிச்சா கையைக் கீழ போடணும். வீட்டுல யாருடே மணி அடிப்பா?"

முருகையா டீயை உறிஞ்சிக்கொண்டு, "அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்பார். கடப்பாறையின் வீடு எங்கே, கோவில்பட்டி எங்கே! அவரால் முடிந்தது ஆணியில் ஒரு படத்தைத் திருப்புவதுதான்.

அந்தச் சுவரின் நடுவில் ஒரு படம் மட்டும் நம் ஊர் முகம். மாரிச்சாமி. இடைசெவல் பக்கத்தில் கிடை போட்டு ஆடு மேய்த்த குடும்பத்துப் பையன். குத்துச்சண்டையில் முதல் பரிசு வாங்கிய சான்றிதழைப் பிரேம் போடக் கொண்டுவந்த நாளிலிருந்து அண்ணாச்சிக்கு அவன் பிள்ளை மாதிரி. பிள்ளை இல்லாத வீடு அது. அவன் ஆடும் போட்டி எந்த ஊரில் நடந்தாலும் கடைக்குப் பூட்டு விழும். விளையாட்டில் காட்டிய திறமைக்காக அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தபோது தெருவுக்கே கடலைமிட்டாய் கொடுத்தார். அவனுக்கும் செல்விக்கும் நடந்த கல்யாணத்தில், மணமக்கள் படத்துக்கு இருப்பதிலேயே நல்ல தேக்குச் சட்டம் போட்டுத் தன் கையால் கொடுத்தார்.

அந்தக் கல்யாணப் படம்தான் கண்ணாடி உடைந்து திரும்பி வந்தது. "பூனை தட்டி விட்டுட்டு, மாமா" என்றாள் செல்வி. புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். சில மாதங்களில் மறுபடி வந்தது. மறுபடியும் பூனை. "பொல்லாத பூனையால்லா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

பிறகும் ஒரு முறை அவள் அந்தப் படத்தைத் துணிப்பையில் கொண்டுவந்தாள். மாரிச்சாமி மாநிலப் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்திருந்த சமயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை வாசலிலேயே அவனுக்குப் பாராட்டு விழா என்று முடிவாகி, அவனுடைய ஆளுயரப் படத்துக்கு அண்ணாச்சி சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து எடுத்த படத்தை அவர் வாங்கிப் பார்த்தார். கீழே விழுந்த படம் மூலையில்தான் அடிபடும். இதில் மூலைகள் நாலும் அப்படியே இருந்தன. கண்ணாடி நட்டநடுவில், செல்வியின் முகத்துக்கு நேராக உடைந்திருந்தது.

அண்ணாச்சி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தாயி, உங்க வீட்டுல பூனை இருக்கா?"

செல்வி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த மதினி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"தோத்துட்டு வந்தா கோவம் மாமா. ஜெயிச்சுட்டு வந்தா குடி. எதுக்குன்னு வேண்டிக்கிடன்னே எனக்குத் தெரியல."

அண்ணாச்சி அந்த ஆளுயரப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செல்வியிடம் கேட்டார்:

"திருப்பட்டுமா, தாயி?"

அந்தச் சுவரைப் பற்றி ஊரில் அறியாதவர் கிடையாது. அவளுக்கும் புரிந்தது.

"ஊரே உங்களை ஏசும் மாமா. வீட்டுல அவிய என்னையச் சும்மா விடமாட்டாவ."

"ஊரை நான் பாத்துக்கிடுதேன். நீ உங்க அம்மா வீட்டுக்குப் போறதுன்னா உங்க அத்தை கூடவே வருவா. ஆனா நீ சொல்லாம நான் திருப்ப மாட்டேன். இதுல ஓட்டு எனக்குக் கிடையாது, முருகையாவுக்கும் கிடையாது. உனக்கு மட்டுந்தான்."

அவள் கல்யாணப் படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் அண்ணாச்சி சரியாகச் சாப்பிடவில்லை என்று மதினி என்னிடம் வருத்தப்பட்டார். அவர் கவலை அந்தப் பெண்ணுக்காகவா, கைவிட்டுப் போகப்போகிற பிள்ளைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செல்வி கையில் ஒரு பையோடு வந்தாள். சந்தில் பந்தல் போட்டாயிற்று. கணவனின் படம் சுவரில் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, ஞாயிறுதோறும் நாங்கள் தூக்குவது போல வலது கையைத் தூக்கினாள். மதினி அவளை அழைத்துக்கொண்டு ஓட்டப்பிடாரம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அங்கேதான் அவளுடைய அம்மா வீடு. பஸ் கிளம்பிவிட்டது என்று மதினியிடமிருந்து போன் வந்த பிறகே அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

விழாவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. மேளதாளம், கைதட்டல், மாரிச்சாமியின் தோளில் சால்வை. முதலாளி ஆளுயரப் படத்தை மூடியிருந்த பட்டுத் துணியை விலக்கினார். உள்ளே பழுப்பு நிறத்தில் அட்டை இருந்தது. மனிதர் ஒரு கணம் யோசித்தார். இந்தக் காலத்துப் படம் இப்படித்தான் இருக்கும் போல என்று முடிவு செய்துகொண்டு அட்டைக்கு மாலை போட்டுக் கைதட்டினார். முதலாளி தட்டுவதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், "அது சரி, படம் எங்கடே?" என்று கேட்ட பிறகுதான் சத்தம் அடங்கியது.

"அண்ணாச்சி, மாத்தி மாட்டிட்டீங்க" என்று சிரித்தான் மாரிச்சாமி.

"இல்லப்பா. சரியாத்தான் மாட்டிருக்கேன்."

முருகையா பாய்ந்து வந்தார். "பஞ்சாயத்து எப்பம் நடந்துது? எங்க ஓட்டு எங்க?"

"ஓட்டு உள்ளவிய போட்டுட்டாவ, முருகையா."

அண்ணாச்சி மேஜைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய கல்யாணப் படத்தை எடுத்து மாரிச்சாமியின் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படிதான் பேசினார்.

"புதுக் கண்ணாடி போட்டுருக்கேன். பூனை தட்டி விட்டுட்டுன்னு சொன்னாவ. உன் வீட்டுல ஏதுப்பா பூனை?"

மாரிச்சாமியின் முகம் கறுத்தது. வலது கை தானாக மடங்கித் தோள் வரைக்கும் உயர்ந்தது. அந்தக் கை எப்படி வரும், எங்கே விழும் என்று அண்ணாச்சிக்குத் தெரியாதா? கோழி அறுப்பதைப் பார்க்க முடியாத மனுஷர். கடப்பாறையின் குத்தைக் கண்ணாடித் திரையில்கூடப் பார்க்கத் துணியாதவர். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கியது. படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் யாரையும் பார்க்காமல் சந்தை விட்டு வெளியே போனான்.

அதன் பிறகு ஊர் அவரை ஏசித் தீர்த்தது. நம்ம பையன் பேரைக் கெடுத்துவிட்டார், எந்த வீட்டில்தான் சண்டை இல்லை என்றார்கள். எங்கள் வாட்ஸப் குழுவிலிருந்து அவரை நீக்க முருகையா முயன்றார். அட்மினே அண்ணாச்சிதான் என்பதால் முடியவில்லை. ஆகவே என்னைத் தவிர மற்ற எல்லோரும் வெளியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஷட்டருக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "எந்திச்சுட்டானா?" என்று அவர் கேட்பார். "எந்திச்சுட்டான்" என்று நான் சொல்வேன்.

செல்வி ஓட்டப்பிடாரத்தில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாரிச்சாமி ஒரு நாள் தலை குனிந்து கடைக்கு வந்தான். குடியை விட்டுவிட்டதாகச் சொல்லி, படத்தை நேராக மாட்டச் சொன்னான். அண்ணாச்சி அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "என்கிட்டக் கேக்காதப்பா. ஓட்டு அந்தப் பிள்ளைட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகையா ஷட்டருக்குள் குனிந்து வந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். திரையில் பெரிய குத்து ஒன்று விழுந்தது. "எந்திச்சுட்டான். கண்ணைத் தொறங்க அண்ணாச்சி" என்றார் முருகையா.

எனக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் கோவில்பட்டிக்குப் போயிருந்தபோது மாரிச்சாமியின் படம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. ஆனால் அண்ணாச்சி அதை ஆணியிலிருந்து கழற்றி, முன்பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்து, திரும்பவும் அதே மாதிரி மாட்டினார். தினமும் காலையில் இதுதான் முதல் வேலையாம். எதற்கு என்று கேட்டேன்.

"நம்ம பயல்லா, தம்பி. என்னைக்காவது அந்தப் பிள்ள வந்து திருப்பச் சொன்னா, முகத்துல தூசி இருக்கக் கூடாதுல்லா."

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பிரேம் போடக் கொடுத்தேன். டிவி முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி. நான் போனில் எடுத்தது. "உயிரோட இருக்கவனுக்குச் சட்டம் போட்டா, வாரவன் போறவன்லாம் துக்கம் விசாரிப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார். "என்னையப் பத்தி ஏதும் கேள்விப்பட்டா திருப்பிப் போட்டுருங்க, சங்கடப்படாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

இப்போது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அடிக்க வந்தவர் கூடத்தில் இருந்த படங்களை எல்லாம் கழற்றிச் சுவரோரமாகத் திருப்பிச் சாத்தி வைத்திருந்தார். நான் போய் அண்ணாச்சியை மட்டும் எடுத்து, முகம் தெரியும்படி நேராக வைத்துவிட்டு வந்தேன்.