கெலமங்கலத்துக் கொட்டாவிச் சாமி

அந்த வருஷம் கெலமங்கலம் சந்தையில் கத்தரிக்காயைவிட நன்றாக விலை போனது கொட்டாவிதான்.

கொள்ளேகாலத்திலிருந்து ஒரு சடைச் சாமி வந்து இறங்கியிருந்தார். எதிரே உட்காருகிறவரை உற்றுப் பார்த்து, அடித்தொண்டையிலிருந்து ஒரு கொட்டாவி விடுவார். பார்த்தவரும் கொட்டாவி விட்டால் உள்ளே பேய் இருக்கிறது என்று தீர்ப்பு. பேயை ஓட்ட ஒரு சேவல். திருஷ்டி கழிக்கும்போது கொட்டாவி வந்தாலே கண்ணேறு என்று நம்புகிற ஊர். சாமிக்குப் பாதி வேலை மிச்சம். பேரிகை ஊரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்து, தங்களுக்குப் பேய் பிடித்திருப்பதைத் தெரிந்துகொண்டு திருப்தியாகத் திரும்பினார்கள்.

நஞ்சம்மாவை அவள் அம்மா பாப்பம்மா கொண்டுவந்து உட்கார வைத்தாள். சாமி வாயைத் திறந்தார். நஞ்சம்மா பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வந்துவிட்டது.

"நோடு, நோடு! நல்லாப் பாரு! செத்துப்போன அக்கா உள்ள ஒக்காந்திருக்கா. மொட்டையடிக்கணும். கல்யாணம் கூடாது. மீறினா மாப்பிள்ளை உசுரு போயிரும்!"

அடுத்த மாதம் அவளுக்குச் சூளகிரியில் கல்யாணம். பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாமியோடு வந்திருந்த நாவிதர் கத்தியைத் தீட்டினார். நஞ்சம்மா பின்னலை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பின்னால் அக்கா புருஷன் சின்னராஜ் நின்றிருந்தான். சேலத்தில் காலேஜ் படித்தவன். அக்கா போன நாளிலிருந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவன்.

"மாமா, நெசமா அக்காவா?"

"அவ வர்றதா இருந்தா மொதல்ல எங்கிட்ட வந்திருப்பா."

அவ்வளவுதான் சொன்னான். போய்ச் சாமிக்கு எதிரே உட்கார்ந்தான்.

"பேய் இருந்தாத்தான் கொட்டாவி வருமா சாமி?"

"சந்தேகமா?"

"உங்களுக்குள்ள பேய் இருக்குதா?"

"எங்கிட்டயா? பக்கத்துல வருமா அது!"

"சரி. இப்ப நாங்க விடறோம். நீங்க பாருங்க."

மாட்டுத் தரகர் கரியப்பன்தான் முதலில் வாயைப் பிளந்தார். உள்நாக்கு வரை தெரிந்தது. அடுத்து வெற்றிலைக்காரி. அப்புறம் வரிசையாக எல்லோரும். இதில் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. சாமி வானத்தைப் பார்த்தார்.

"மேல என்ன சாமி? எங்க வாயை நோடு!" என்றார் கரியப்பன்.

சாமியின் தாடை நடுங்கியது. மூக்கு விடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. கடைசியில் திறந்தது பாருங்கள் வாய், கட்டை வண்டியே நுழையலாம்!

"அய்யய்யோ, சாமிக்கே பேய் புடிச்சிருச்சு! யோவ், கத்தியை இங்க கொண்டாய்யா, சடையிலிருந்து ஆரம்பி!" என்று நாவிதரைப் பார்த்துக் கத்தினார் கரியப்பன்.

சாமி இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டு ஓசூர் சாலையில் ஓடினார். அவிழ்த்துவிடப்பட்ட சேவல்கள் வேறு பக்கம் ஓடின.

பாப்பம்மாவுக்கு மட்டும் தீரவில்லை. "அப்ப இவ ஏன் மாப்ளே கொட்டாவி விட்டா?"

"பேத்திக்குக் களி ஊட்டறப்ப நீங்க ஏன் அத்தே வாயத் தொறக்கறீங்க?"

பாப்பம்மா யோசித்தாள். "அது தன்னால தொறக்குது."

"இதுவும் அப்படித்தான். ஒருத்தர் செய்யறதப் பாத்தா நம்ம ஒடம்பும் கூடவே செய்யப் பாக்கும்."

நஞ்சம்மா பின்னலை விட்டாள். அக்கா போன பிறகு மாமா இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ஒரு கொட்டாவி வந்திருக்கும். பயப்படாதீர்கள். வாயை மூடுங்கள், மூளையை மூடிவிடாதீர்கள்.