அன்று நான் குடித்திருக்கவில்லை

எருக்கலம்பிட்டி,
மன்னார்.

கண்ணியத்துக்குரிய ஹுசைன் ஹாஜியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எருக்கலம்பிட்டி ஆதம்பாவா எழுதிக்கொள்வது. என் சீனியைத் தவிர இங்கு எல்லோரும் இறைவன் உதவியால் சுகம். உங்கள் வீட்டாரும், கடலில் நிற்கும் உங்கள் வள்ளங்களும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம். இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை இடையில் வைத்துவிட முடியும். கடிதத்தைப் படிக்கத் தொடங்கியவர் பெரும்பாலும் முடித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விடயம், சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிஸ்லாவுக்கும் உங்கள் மகன் நௌஷாட்டுக்கும் சம்மந்தம் பேசி முடிக்க நாங்கள் அரிப்பு ஊரில் உள்ள உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நடந்துகொண்ட விதம் பற்றியது. அதில் பாதி எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாத பாதியை என் மனைவி றாபியா அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பதால், இப்போது எனக்கு முழுவதும் தெரியும்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உண்டு. இதை உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று யாராவது வாய்வைப்பார்கள், பேச்சு முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று றாபியா சொன்னதால் மூச்சுவிடவில்லை. உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவென்று முந்திய நாளே அவள் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் அடித்து இரண்டு தட்டு வட்டிலப்பம் அவித்துப் பிறிஜ்ஜில் வைத்திருந்தாள். விடிந்ததும் எல்லோரும் உடுத்திக்கொண்டிருந்த நேரம், தட்டின் ஓரம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க நான் பிறிஜ்ஜைத் திறந்தேன். வெடிக்கவில்லை. இருந்தாலும் விரலால் ஓரத்தைக் கொஞ்சம் ஒழுங்காக்கினேன். ஒழுங்காக்கியதை எறியவும் முடியாது. பிறகு மனம் கேட்காமல், சீனி பார்க்கும் மெசினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தால் முந்நூற்றுக்கு மேலே காட்டியது. சம்மந்தி வீட்டில் போய் விழுந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் சீனிக்குப் போடும் வழக்கமான குளிசையோடு இன்னொன்றையும் விழுங்கினேன். அதுவும் போதாது என்று றாபியா வைத்த புட்டையும் மீன் குழம்பையும் தொடாமல் வான் வண்டியில் ஏறிவிட்டேன்.

உங்கள் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. சர்பத் வந்தது, மஸ்கட் வந்தது. உங்கள் மனைவி றம்லா, "ஒரு துண்டாவது எடுங்கோ காக்கா, என்ர கையால கிண்டினது" என்று கூடப்பிறந்த அண்ணனுக்குப் போலத் தட்டை என் மூக்குவரை கொண்டுவந்தார். எனக்கு இனிப்பில் பெரிய விருப்பமில்லை என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த றாபியா என்னைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காகச் சர்பத்தையும் விட்டேன். பெரியமடுவிலிருந்து வரவேண்டிய உங்கள் மாமாவின் வாகனம் முருங்கனில் பழுதாகி நின்றதால் சாப்பாடு பிந்தியது. அது உங்கள் பிழையல்ல. பிரியாணி மணந்துகொண்டிருந்தது, எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. காற்றாடி சுற்றியும் வேர்த்தது. கை நடுங்கியது. வெளியே பார்த்தேன், உங்கள் மதில் இரண்டாகத் தெரிந்தது. நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் வேலை செய்தவன் நான். இரண்டு மதில் தெரிந்தால் அதில் சரியான மதில் எது என்று தீர்மானிக்காமல் இருக்க என்னால் முடியாது.

இனி வருவதெல்லாம் றாபியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எழும்பி நின்று, சபையில் எல்லோருக்கும் கேட்க, "ஹாஜியார், உங்கட மதில் சந்தியோகுட வளவுக்குள்ள ரெண்டடி போய் நிக்குது. உடையுங்கோ. உடைச்சாத்தான் பொண்ணு தருவன்" என்றேனாம். விருந்துக்கு வந்திருந்த உங்கள் அயலவர் சந்தியோகு உடனே எழும்பி, "நானும் கனகாலமா அதைத்தானே சொல்லுறன்" என்றாராம். மாப்பிள்ளையைக் காட்டி, "ஆர் இந்தப் பொடியன், இவனுக்கு இஞ்ச என்ன வேலை?" என்று கேட்டேனாம். முற்றத்தில் இறங்கி மதிலைக் காலால் அளக்கப்போய், நாக்குத் தடுமாற, முருங்கை மரத்தைக் கட்டிப்பிடித்து அதற்கு ஸலாமும் சொன்னேனாம். உங்கள் மூத்த காக்கா, "மனுசன் போட்டிட்டு வந்திருக்கு" என்று தலையில் கைவைத்தாராம். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அந்த நிலையில் என்னை நான் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஹாஜியார், அல்லாஹ் அறிய, இந்த வாயில் ஒருநாளும் சாராயம் பட்டதில்லை.

றாபியா ஓடிவந்து என் கையைப் பிடித்திருக்கிறாள். கை ஐஸ்கட்டி போல இருந்ததாம். அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கிறது. மூச்சுவிடக் கூடாது என்று சொன்ன அவளே, "சீனி இறங்கிட்டுது! அந்த வட்டிலப்பத்தை எடுங்கோ!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். மண்ணில் குந்தி, என் தலையை மடியில் வைத்து, "வாயைத் திறவுங்கோ, திறவுங்கோ எண்டுறன்" என்று கையாலேயே அள்ளி அள்ளி ஊட்டினாள். இது எனக்கு ஞாபகமிருக்கிறது. கல்யாணத்தன்று ஒருதரம் இப்படி ஊட்டினாள். அன்று சிரித்தாள். இம்முறை அழுதாள்.

கண் தெளிந்த பிறகு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஊட்டுகிற கையைத் தட்டுவது மரியாதையில்லை என்று அரைத் தட்டை முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மெசின் இலக்கம் காட்ட மறுத்துவிட்டது. அவ்வளவு அதிகமாம். அடுத்த நாள் டொக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பிள்ளை, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, காலையில மெசின்ல குத்த முந்தி விரல் கழுவினீங்களா?" என்றார். "வட்டிலப்பத்திர ஓரத்தை மட்டும்தான் விரலால ஒழுங்காக்கினன்" என்று நான் யன்னலைப் பார்த்துச் சொன்னேன். றாபியா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க பார்த்தது உங்கட ரத்தத்தில இருந்த சீனி இல்ல, ஐயா. வட்டிலப்பத்தில இருந்த சீனி. அதுக்குப் போய் ரெண்டு குளிசை போட்டு, சாப்பிடாமலும் இருந்திருக்கிறீங்க. உயிரோட வந்ததே பெரிய விசயம்" என்றார். வரும் வழியில் வங்கி, பஸ் நிலையம், பாலம் எல்லாம் கடந்தும் றாபியா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில்தான் தொடங்கினாள்.

ஆகவே ஹாஜியார், மதில் பற்றி நான் சொன்னது சீனி குறைந்தபோது சொன்னது, அதை முற்றாக வாபஸ் பெறுகிறேன். என் மகளுக்கும் அந்த மதிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. என்னைத் தூக்கி வானில் ஏற்றியது நௌஷாட் என்று சொன்னார்கள். அவர் போட்டிருந்த புதுச் சேட்டில் நான் தின்றதில் பாதியைச் சத்தி எடுத்தபோதும், "பரவாயில்ல மாமா, சாய்ஞ்சிருங்கோ" என்றாராம். அப்படிப்பட்ட பிள்ளையை என் விரல் செய்த பிழைக்காக நாங்கள் இழக்கக் கூடாது. நிஸ்லா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பிளேன்ரீயில் சீனி மட்டுமல்ல, தேயிலையும் போடுவதில்லை. இனி என் ஆயுளுக்கும் இனிப்பைக் கையால் தொடமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன். மனம் இரங்கி ஒரு பதில் தாருங்கள்.

இறைவன் உங்கள் வீட்டுக்குப் பரக்கத்தும் உங்கள் வள்ளங்களுக்கு நல்ல காற்றும் தருவானாக. றம்லா தங்கச்சிக்கும், உங்கள் மூத்த காக்காவுக்கும், சந்தியோகுவுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஆதம்பாவா
(இளைப்பாறிய நில அளவை உத்தியோகத்தர்)

பி.கு: இதை மடிக்கும் நேரம் நிஸ்லா வந்து, "என்ன வாப்பா எழுதிறீங்க? ஹாஜியார் மாமா திங்கக்கிழமையே உம்மாவுக்குக் கோல் எடுத்துக் கதைச்சாச்சு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நிக்காஹ். மண்டபமும் பாத்தாச்சு" என்றாள். எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா சந்தோசத்தில எதையாவது எடுத்து வாயில போடுவீங்க எண்டு உம்மா சொன்னா. றம்லா மாமி பஸ்ஸில குடுத்துவிட்ட தொதல் இனிப்புப் பெட்டியையும் அலுமாரிக்கு மேலதான் ஒளிச்சு வைச்சிருக்கிறா" என்றாள். கட்டிய கணவனைப் பற்றி ஒரு பெண் இப்படியும் நினைப்பாளா என்று மிகவும் வேதனைப்பட்டேன். மேலே உள்ளது எதுவும் இனித் தேவையில்லை. எழுதிய பாவத்துக்கு அனுப்புகிறேன். இந்தத் தாளின் மூலையில் எண்ணெய் ஊறியிருப்பதைப் பார்த்து நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம். தொதல் நல்ல பதம். றம்லா தங்கச்சியிடம் சொல்லுங்கள், றாபியாவிடம் சொல்ல வேண்டாம்.