மனம் நோகாத சாட்சியம்

திருவனந்தபுரத்தில் போர்க்கொடுமைகளைப் பதிவு செய்ய ஒரு நிலையம் திறந்தார்கள். சாட்சிகளின் மனம் நோகக்கூடாது என்பது அதன் முதல் விதி. இரண்டாவது விதி கிடையாது. எல்லா வேலையையும் முதல் விதியே பார்த்துக்கொண்டது.

அகதியாக வந்து பக்கத்து மலையோரக் கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கும் செண்பகவல்லி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். இலங்கைப் போரின் கடைசி நாட்களில், வன்னியில் சரணடைந்த பிள்ளைகளோடு அவள் மகன் மகேஷ்குமாரையும் ராணுவம் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை. பஸ்ஸின் எண்ணும் ஏற்றிய அதிகாரியின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். என்றாவது ஒரு நீதிபதி கேட்பார் என்று பதினைந்து வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்தாள், பாவம்.

இயக்குநர் ஹரிநாராயணன் உள்ளூர்க்காரர், கரமனைப் பக்கம். மனம் நோகாமல் விசாரிப்பது எப்படி என்று வெளிநாட்டில் ஆறு வாரம் படித்தவர். அவளை மெத்தையில் உட்காரவைத்து, துளசி டீ கொடுத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார். பிடித்த பூவைக் கேட்டார். கனகாம்பரம் என்றாள். எழுதிக்கொண்டார். பிடித்த பலகாரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"சார், என் மகனப் பத்தி எப்பக் கேப்பீங்க?"

"அது நாங்க கேக்கப்படாது சேச்சி. கேட்டா நீங்க அழுவேள். அழுதா விதிமீறல்."

"கேக்காட்டியும் வீட்ல அழுதுக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"வீடு எங்க அதிகார வரம்புல வராதே," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அழாமல் சொல்வதாக அவள் வாக்குக் கொடுத்தாள். தொடையைக் கிள்ளிக்கொண்டு, கண் கலங்காமல், நாள், எண், பெயர் எல்லாம் வரிசையாகச் சொன்னாள். அவர் பேனா அசையவில்லை. எழுதினால் தட்டச்சு செய்யும் பெண்ணின் மனம் நோகுமாம். கடைசியில், 'சாட்சி அமைதியாக இருந்தார். கண்ணீர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆண்டறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. அடுத்த மாதம் வெளிநாட்டில் நடந்த விசாரணையில் ராணுவத் தரப்பு வக்கீல் அதைத்தான் எடுத்து வாசித்தார். நானூறு தாய்மார் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், ஒருத்திகூட அழவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவள் அப்படி இருப்பாளா என்று கேட்டார்.

தங்கள் அறிக்கை சர்வதேச அரங்கில் மேற்கோள் காட்டப்பட்டதை நிலையம் விழா எடுத்துக் கொண்டாடியது. நாமெல்லாம் போயிருந்தோம். தனக்குப் பொன்னாடை போர்த்தும்போது செண்பகவல்லி உடைந்து அழுதுவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று ஹரிநாராயணன் மைக்கில் அறிவித்தார். அதை மட்டும் உடனே பதிவு செய்தார்கள். நாம் எழுந்து நின்று கைதட்டினோம்.