பின்பக்கமாகச் சாய்ந்து நம்பிக்கை வளர்த்த கதை

மேலதிகாரியைத் தொழிலாளர்கள் நம்புவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் திரும்பிப் பாருங்கள் என்பேன். ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். தத்துவமெல்லாம் இல்லை. அன்றைக்கு எனக்குப் பின்னால் இருந்தது களிமண் கூழ்த் தொட்டி.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போய்க்கொண்டிருந்தேன். எம்.பி.ஏ. முடித்த திமிர் முகத்தில் பவுடரோடு சேர்ந்து அப்பியிருக்கும். என் பிரிவில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். சேர்ந்த அன்றே அவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு சட்டம் போட்டேன்: கையில் பச்சைப் பொம்மை இருக்கும்போது இடியே விழுந்தாலும் கையை எடுக்கக் கூடாது. (அச்சிலிருந்து எடுத்து, இன்னும் சூளைக்குப் போகாததுதான் பச்சைப் பொம்மை. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அப்பளமாக நொறுங்கும்.) "சரிங்க மேடம்" என்றார்கள். அதற்குமேல் அவர்கள் என்னிடம் பேசியதே இல்லை. நான் உள்ளே நுழைந்தால் அதுவரை கேட்ட சிரிப்பு நின்றுவிடும். மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போவேன்.

அந்த வருடம் கொலுவுக்குப் பிள்ளையார் பொம்மை ஆர்டர் வந்திருந்தது. முதல் சூளையைத் திறந்தபோது பாதிப் பிள்ளையார்களின் தும்பிக்கை கழன்று காலடியில் கிடந்தது. அடுத்த சூளையும் இப்படியே வந்தால் பொம்மைப் பிரிவையே மூடிவிட்டு, கரண்டுக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டை மட்டும் போடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மூடினால் எனக்கும் வேலையில்லை, அந்தப் பெண்களுக்கும் இல்லை. மண் சரியில்லையா, சூடு அதிகமா, எதனால் கழல்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். "தெரியலைங்க மேடம்" என்று என் செருப்பைப் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி என்னைச் சென்னையில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். ஊழியர்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று ஏசி ஹாலில் கோட்டு போட்ட ஒருவர் பாடம் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டுமாம். பின்னால் நிற்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்களாம். அந்த நொடியில் நம்பிக்கை பிறந்துவிடுமாம். நானும் சாய்ந்தேன், நாலு பேர் பூப்போலத் தாங்கினார்கள், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திரும்பும் வழியில் வேப்பூரில் டீ குடிக்க இறங்கியபோது, பிள்ளையார்களின் தும்பிக்கையைக் காப்பாற்றிவிட்டதாகவே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, எல்லோரும் உடனே வந்து எனக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். வந்தார்கள். பச்சைப் பொம்மையை நினைத்த இடத்தில் வைக்க முடியாது, அதனதன் பலகையில்தான் வைக்க வேண்டும். மேடமோ உடனே வரச் சொல்கிறார். ஆகவே ஆளுக்கொரு பிள்ளையாரைக் கையில் ஏந்தியபடி வந்து நின்றார்கள். முதுகைக் காட்டி நின்ற எனக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் தரையோடு தரையாக இருந்த தொட்டியும் ஞாபகத்தில் இல்லை.

"உங்க எல்லாரையும் நான் நம்புறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கைகளை மார்பில் கட்டிக் கண்ணை மூடினேன். பின்னாலிருந்து கனகவல்லி அக்கா, "மேடம், மேடம்" என்றார். (அந்தப் பிரிவிலேயே மூத்தவர் அவர்தான்.) பாசத்தில் தழுதழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சாய்ந்தேன்.

ஒருவர் கையும் அசையவில்லை. நான் போட்ட சட்டத்தை அவ்வளவு ஒழுங்காக யாரும் அதுவரை கடைப்பிடித்ததில்லை.

கூழ் சில்லென்று இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. காது, மூக்கு, பின்னல் என்று எல்லா இடத்திலும் புகுந்துகொண்டது. நான் வெள்ளை வெளேரென்று எழுந்து உட்கார்ந்தபோது, சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையாரும் கையுமாக நின்றவர்களைப் பார்த்தார். யார் தள்ளிவிட்டது என்று அவர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் முகமெல்லாம் வெளிறிப்போயிற்று. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"யாரும் தள்ளலைங்க. நானேதான் விழுந்தேன். கையில இருக்கிறத விடக் கூடாதுன்னு சொன்னதும் நாந்தான். அவங்க சரியாத்தான் செஞ்சாங்க."

"நீயா எதுக்கும்மா விழுந்த?"

"நம்பிக்கை வளர்க்கத்தாங்க."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். (சென்னைப் பயிற்சிக்கு அதன்பிறகு யாரையும் அவர் அனுப்பவில்லை.) அவர் தலை மறைந்ததும் யாரோ ஒருத்தி க்ளுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், பிரிவே சிரித்தது. பிள்ளையார்களைப் பத்திரமாகப் பலகையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுகை வருவதற்குள் சிரித்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

கனகவல்லி அக்கா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் உட்கார வைத்து, தலையை அலசிவிட்டார். அலசிக்கொண்டே மெதுவாக, "ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே மேடம்" என்றார். காதுக்குள் மண்ணை வைத்துக்கொண்டு நான் யாரைத் திட்டுவது? சொல்லுங்க அக்கா என்றேன்.

"தும்பிக்கை தானா கழலலைங்க. பச்சையில ஒடஞ்சத கூழு தொட்டு ஒட்டி வெச்சிருந்தோம். முன்ன இருந்த சாரு, ஒடச்சவங்கள எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு வூட்டுக்குத் தொரத்திடுவாரு. அந்தப் பயம்தான். இப்ப சூளைக்கு வெச்சிருக்கிறதுலயும் இருக்குது."

அன்றே எல்லோரும் சேர்ந்து ஒட்டுப்போட்ட பிள்ளையார்களைப் பொறுக்கி எடுத்தோம். ஒட்டியவர்களே தங்கள் பொம்மையைக் காட்டிக் கொடுத்தார்கள். சூளைக்குப் போகாத மண்ணில் நஷ்டமே கிடையாது. தண்ணீரில் கரைத்தால் மறுபடி கூழ், மறுபடி அச்சு, மறுபடி பிள்ளையார். இதை அவர்கள் முதல் சூளைக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லும்படியான ஆளாக நான்தான் இல்லை. அடுத்த சூளையைத் திறந்தபோது எல்லாத் தும்பிக்கைகளும் அதனதன் இடத்தில் இருந்தன. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் எது உடைந்தாலும், "மேடம், நான் விழுந்துட்டேன்" என்று வந்து சொல்வது வழக்கமாகிவிட்டது. கதையைக் கல்யாணமான புதிதில் கணவரிடம் வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன். வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால், "விழுந்துட்டேன்மா" என்கிறார் மாமியார். பைக்கில் கீறல் விழுந்தால் கணவரும் அதையேதான் சொல்கிறார்.

போன மாதம் வேலை முடிந்து வந்தால், நாலாவது படிக்கும் என் மகள் கேட்டிலேயே காத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் விழுந்துட்டேன்" என்றாள். வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த என் புது செல்போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டாளாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் குழந்தை முகத்தில் பயம் இல்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டோம், இனி அம்மா பார்த்துக்கொள்வாள் என்கிற நிம்மதிதான் இருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று செல்லை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.