கம்பளியில் இறங்கிய எம்.எல்.ஏ.

சட்டமன்றத்தில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியை இன்று எடுத்துப் பார்த்தாலும், கடையிலிருந்து இறக்கிய நாளின் மெருகு குலையாமல் இருக்கும் என்று எந்தச் சன்னிதியிலும் சத்தியம் செய்ய நான் தயார். அந்த மனிதர் உட்கார்ந்து இந்த மலையில் எவரும் கண்டதில்லை. கல்யாணப் பந்தியில் நின்றபடியே இலையில் கை வைப்பார். துக்க வீடொன்றில் பந்தலை மூன்று முறை சுற்றி வந்து, ஆடிக்கொண்டிருந்த காலைக் கண்டுபிடித்து, அதை ஊன்றச் செய்த பிறகுதான் மாலை போட்டார். பெற்றோர் இட்ட பெயர் வாக்கு இயந்திரத்தோடு சரி. மலைமுழுதும் அவருக்குப் பெயர் பாதரசம்.

மலையாள மாநிலத்துத் தேயிலை மலையூரான சித்திரபுரத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என் வீட்டுக்கு அவர் ஒரு சித்திரை மாதக் காலையில் வந்து சேர்ந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே.

"வாத்தியாரையா, நம்ம ஆளுக எழுதுன மனுவெல்லாம் ஆபீசுல கட்டுக்கட்டாக் கெடக்கு. நீங்க எழுதுனா கல்லும் கரையும்ங்காக. வடக்கு டிவிஷனுக்கு ஒரு நர்ஸ் வேணும். எழுதிக் குடுங்க, நிக்கேன்."

"உட்காருங்கள்" என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல."

வடக்கு டிவிஷன் என்பது அவர் தொகுதியின் வடகோடி. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் இரண்டு வரிசை. மேட்டில் ஒரு முருகன் கோயில். அதன் கீழே பழைய டிஸ்பென்சரிக் கட்டடம். அங்கிருந்த நர்ஸ் ஓய்வு பெற்றபின் எவரும் வரவில்லை, ஆடுகள் குடியேறிவிட்டன. ஜீப் போகும் பாதை ஓர் ஓடையோடு நின்றுவிடும். நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நால்வர் தோளில் சுமந்து இறக்குவார்கள். எடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஓடை பெருகிவிட்டால் அதற்கும் வழியில்லை.

கொழுந்து பறிக்கும் செல்வியை அப்படிச் சுமந்து இறக்கியபோது, பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது; தங்கவில்லை. இப்போது மறுபடியும் அவள் சுமந்துகொண்டிருந்தாள். ஆடி மாதம் பிரசவம். பாதரசத்தின் காலில் சக்கரம் கட்டிய செய்தி இதுதான்.

எழுதினேன். எழுதியது என் பிழை. முதற்கண் அந்த மேட்டு முருகனின் வேலையும் மயிலையும் போற்றினேன். கோயிலின் பழம்பெருமையை விரித்தேன். ஒன்பது பத்திகள், ஒவ்வொன்றும் 'அருள்புரிய வேண்டும்' என்று முடிந்தது. நர்ஸ் பத்தாம் பத்தியில் வந்தார். பாதரசம் படித்துப் பார்க்கவில்லை. உறையை வாங்கும்போதே பாதித் தெருவைக் கடந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து அதிகாரி ஒருவர் வந்தார். பாதரசம் அவரைக் கைப்பிடியாக இழுத்துக்கொண்டு மலையேறினார். மூச்சிரைக்க நானும் பின்தொடர்ந்தேன். வழிநெடுக ஓடையைக் காட்டினார், சரிவைக் காட்டினார். டிஸ்பென்சரி வாசலில் நின்று, "இதான் சார்" என்றார். அதிகாரி அதைக் கடந்து மேட்டில் ஏறி, பையிலிருந்து டேப்பை எடுத்து, முருகன் கோயிலின் நீள அகலத்தை அளக்கலானார்.

"ஏன் சார், நர்ஸு இதுக்குள்ளயா தங்கப் போறாக?"

"எந்த நர்ஸ்? கோயில் திருப்பணிக்குத்தானே மனு கொடுத்திருக்கீங்க? நான் கோயில் காரியம் பாக்கிற ஆபீஸ். படிச்சுப் பாத்து எங்க மேலதிகாரியே உருகிட்டார். மேல ஓடு மாத்த சாங்ஷன் ஆகும்."

பாதரசம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன். லயத்து வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்விதான் பேசினாள்.

"எங்க சாமி நனையாம இருக்கட்டும் வாத்தியாரையா. நல்ல காரியந்தான். நான் எங்க போய்ப் பெறட்டும்?"

இறங்கும்போது பாதரசம் வழுக்கும் இடங்களில் எனக்குக் கை கொடுத்துக்கொண்டே வந்தார். அது கடிவதைவிடச் சுட்டது. ஒரு மாதம் போயிருந்தது. தெற்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது.

மறுநாளே சுகாதார அதிகாரிக்குப் போன் செய்தார். நேரில் வந்து பாருங்கள் என்றார். அந்த டாக்டரம்மா மலையாளி; தமிழ் நன்றாகப் பேசுவார். "வர்றதுக்கு வழி இல்லைன்னு சொல்றாங்களே சாரே" என்றார்.

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன்!"

போனை வைத்தவர், நேரே வடக்கு டிவிஷனுக்கு ஏறினார். டாக்டரம்மா வராவிட்டால் நாம் போவோம் என்பது திட்டம். ஒரு கம்பளியை விரிக்கச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, அதில் மல்லாந்து படுத்தார்.

"தூக்குங்கலே. புள்ளைத்தாச்சி இறங்க எம்புட்டு நேரம் ஆகுதுன்னு கணக்குக் காட்டணும். வாத்தியாரையா, கடிகாரத்தைப் பாத்துக்கிடுங்க."

அவர் உடம்பு இரண்டு ஆள் கனம். செல்வியின் கணவன் மாடசாமி முன்தோள் கொடுத்தான். பத்தடி போவதற்குள் நோயாளி எழுந்து உட்கார்ந்து, "வலப்பக்கம் பாறை, பாத்து!" என்று வழிகாட்டலானார். கம்பளி ஆடியது, நால்வரும் தள்ளாடினார்கள். மூன்றாம் முறை எழுந்தபோது மாடசாமி கயிற்றை எடுத்து அவரை மூங்கிலோடு சேர்த்துக் கட்டினான்.

"ஏலே, நெஞ்சுக்கிட்டக் கொஞ்சம் இளக்கு!"

"புள்ளைத்தாச்சி இம்புட்டுப் பேச மாட்டா அண்ணாச்சி. கம்முனு கெடங்க."

ஓடையைக் கடக்கும்போது பாசிக்கல் ஒன்று வழுக்கியது. மக்கள் பிரதிநிதி தண்ணீருக்குள் போய், வேட்டியில் பாசியோடு வெளிவந்தார். "நேரத்தை நிறுத்தாதீங்க! நெசப் பிரசவத்துலயும் விழத்தான செய்வாக!" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. அதைக் கேட்ட மாடசாமியின் முகம் மாறிப்போனது. அதன்பின் அடுத்த வளைவு வரை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜீப் பாதையிலும் அவர் கட்டவிழ்க்க விடவில்லை. காலையில் கிளம்பியவர்கள், பிற்பகலில் ஜீப்பின் பின்புறத்தில் அவரை மூங்கிலோடு ஏற்றிச் சுகாதார அலுவலகத்தில் இறக்கினார்கள். டாக்டரம்மா ஓடி வந்து, முதற்காரியமாக ரத்த அழுத்தம் பார்த்தார்.

"அய்யோ, பிரஷர் ரொம்பக் கூடுதல். உடனே அட்மிட் ஆகணும் சாரே."

"என்னைய விடுங்கம்மா. நான் தடிமாடு. வாத்தியாரையா, எழுதுங்க. நாலு வரி. சாமி வேண்டாம், மயிலும் வேண்டாம்."

அந்த மேசையிலேயே எழுதினேன். 'வடக்கு டிவிஷனில் செல்வி என்று ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு ஆடியில் பிரசவம். மழை இறங்கினால் வழி அடைபடும். அதற்குள் ஒரு நர்ஸை அனுப்புங்கள்.' என் வாழ்நாளில் அவ்வளவு வறண்ட தமிழை நான் எழுதியதில்லை. டாக்டரம்மா அதை ஒருமுறை படித்தார், கம்பளியில் கிடந்தவரை ஒருமுறை பார்த்தார். யார் யாரையோ போனில் பிடித்துக் கெஞ்சினார், அதட்டினார். ஆனி பிறக்கும் முன்பே ஆடுகள் வெளியேற, நர்ஸ் ஒருவர் இரண்டு பெட்டிகளோடு டிஸ்பென்சரியில் குடியேறினார்.

ஆடியில் ஓடை கரைபுரண்டது. செல்விக்கு வலி கண்ட காலை, பாதரசம் தலைநகரில் சட்டமன்றக் கூட்டத்தில் இருந்தார். முதல் நாளே மேலேறியிருந்த நான் திரும்ப வழியின்றி அங்கே அகப்பட்டிருந்தேன். வடக்கு டிவிஷனில் போனுக்கு ரேஞ்ச் கிடைப்பது ஒரே ஒரு பாறையின் மேல். குடையும் கையுமாக நான் அதில் நிற்க, போன் ஓயாமல் அலறியது.

"என்ன ஆச்சு?"

"இப்போதுதானே கேட்டீர்கள்?"

"அது அப்போ. இப்போ என்ன ஆச்சு?"

பதினோராவது தடவையோ பன்னிரண்டாவதோ, கீழே டிஸ்பென்சரி வாசலில் மாடசாமி இரு கைகளையும் தூக்கி ஆட்டினான். மழையையும் மீறி ஓர் அழுகுரல் கேட்டது. பச்சைக் குழந்தையின் குரல். "பெண் குழந்தை. தாயும் நலம்" என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு, தொடர்ந்து, "சரி வாத்தியாரையா, அடுத்து அந்த ஓடைக்கு ஒரு பாலம். பேனா இருக்கா?"

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். எந்நேரமும் வடக்கே கிடந்ததால் கீழ்ப்பகுதிக்காரர்களுக்கு முகமே மறந்துபோயிற்று என்கிறார்கள். பாலம் இன்னும் வரவில்லை. பதவி போன மனிதர் இப்போதும் மாதம் இருமுறை, கையில் என் மனுவோடு அந்தப் பாதையில் ஏறுகிறார். ஆனால் இடது முழங்கால் வீங்கி, சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். கேட்டால் செருப்பு சரியில்லை என்கிறார்.

இத்தனை ஆண்டுகளில் பூசையில் இறைவனிடம் நான் எதையும் கேட்டதில்லை. பாடுவதோடு என் வேலை முடிந்தது என்றிருந்தவன். இப்போதெல்லாம் பூசை முடிந்ததும் எழுந்துவிடாமல், அந்த இடது முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விளக்கைக் குளிரச் செய்கிறேன்.