மாமன் காலுக்குப் பால் அடித்த வரலாறு

காமயகவுண்டன்பட்டி,
திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம்.

பெங்களூரில் பூஞ்சைகளோடு தன்னந்தனியாகப் போர் புரிந்துவரும் என் அக்காள் மகள் மாரீஸ்வரிக்கு, முல்லையாற்றுப் பாசனம் முழுவதற்கும் பெருமை சேர்க்கும் உன் தாய்மாமன் அம்மாவாசி, பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்தபடி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சந்தனம்மாளும் மாடும் கொடியும் நலம். என் கால் மட்டும் தனி வரலாறு.

ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பெட்டியோடு ஊருக்கு வரப்போகிறாய் என்று உன் ஆத்தா அழுத அழுகையில் ஆற்றில் ஒரு அடி தண்ணீர் ஏறிவிட்டது. பாலில் உள்ள புரதத்தை நறுக்கினால், அதில் ஒரு சின்னத் துண்டு பூஞ்சையைக் கொல்லும், உடம்புக்குள் நோயோடு சண்டை போடாமல் அசந்து கிடக்கும் காவல்காரர்களையும் தட்டி எழுப்பும் என்று பொங்கலுக்கு வந்தபோது நீதானே சொன்னாய்? அந்தத் துண்டு ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் சொன்ன பேச்சைக் கேட்டதாம், எலிக்குள் போனதும் கைகட்டி நின்றுவிட்டதாம். இதற்கா அழுகை? தாராளமாக வா தாயி. உன் ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது. எலியிடம் இல்லை, என் காலில்!

தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சி விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, நான் சொறிகிற சத்தம் குமுளி வரை கேட்டு, அங்கே இடி இடிக்கிறதென்று குடையை விரித்துவிட்டார்கள். புரதத்தை நறுக்கும் பக்குவம் எனக்குத் தெரியாதே, முழுப் பாலாகவே அடித்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அடிப்பதென்றால் கொடிக்கு அடிப்பதுபோலத்தானே? முதுகில் மாட்டும் மருந்து டேங்கில் காலைக் கறவை முழுவதையும் ஊற்றி, இரண்டு காலுக்கும் புகையாகப் பறக்கவிட்டேன். முந்தின நாள் கொடிக்கு அடித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் டேங்குக்குள் மிச்சம் கிடந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முழங்கால் வரை நீலம். பால் திரிந்து குழாய் அடைத்துக்கொள்ள, நான் ஊதிப் பார்க்க, மீசையும் நீலம். உன் அத்தை வந்து பார்த்துவிட்டாள்.

“ஏங்க, புத்தி இருக்கா? சொசைட்டிக்கு ஊத்துற பாலை மருந்து டேங்குல ஊத்தி வச்சிருக்கீக!”

“ஆராய்ச்சிடீ.”

“கிழிச்சீக. இந்த மூஞ்சியோட தொழுவத்துப் பக்கம் போகாதீக, மாடு பாத்துச்சுன்னா கறவை நின்னுபோகும்.”

அடைத்த டேங்கைச் சரிபண்ணக் கம்பம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். புளித்த வாடைக்குப் பாதி பஸ் காலி. மீதிப் பாதியில் ஒரு அம்மா எழுந்துவந்து, “கிருஷ்ணா, எங்க தோட்டத்துக்கும் ஒருக்கா வாப்பா” என்று காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் அடுத்த வாரம் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கண்டக்டர் மட்டும், “சாமின்னாலும் டிக்கெட் எடுக்கணும்யா, டேங்குக்கும் சேத்து” என்றார்.

இப்போது கால் பட்டுத்துணி. புண்ணெல்லாம் மலையேறிக் கேரளாவுக்கு ஓடிவிட்டது, எஸ்டேட் ஜீப்பில் இடம்பிடித்து ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மருந்து கண்டுபிடிச்சாச்சு. நீ தலை நிமிர்ந்து ஊருக்கு வரலாம், மேளத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

உன் எலிகளை ஒவ்வொன்றாக விசாரித்ததாகச் சொல். நீ தொட்டதெல்லாம் கொத்துக்கொத்தாகக் காய்க்கட்டும் என வாழ்த்தும்,
தாய்மாமன் அம்மாவாசி.

பி.கு.: உன் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள், அதனால் உண்மையை எழுதவேண்டியிருக்கிறது. கால் ஆறவில்லை. பாலுக்கு அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. நீலம் போனதும் தோல் டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “முந்தியெல்லாம் களிம்பு தடவுனாலே போயிரும்யா. இப்ப வர்ற பூஞ்சை லேசுல மசிய மாட்டேங்குது. புதுசா மருந்து வந்தாத்தான் உண்டு” என்றார். வெளியே பெஞ்சில் என்னைப்போலச் சொறிந்துகொண்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. அதனால் வராதே தாயி. இங்கே பெட்டி வைக்க இடமில்லை. அந்தத் துண்டை இன்னும் கொஞ்சம் பொடியாக நறுக்கிப் பார். நீ முடிக்கிறவரைக்கும் நாங்கள் சொறிந்துகொண்டு இருக்கிறோம்.