முதலில் வந்தவரே அப்பா

எங்கள் கல்லூரி ஹெட்கிளார்க் கஜபதி ஒரு ஓட்டைவாய். எத்தனை வருஷம் ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

என் மார்க்கை நானே போய்க் கேட்டால் அந்த மனுஷன் சொல்ல மாட்டார். "அதெல்லாம் ரகசியம்மா. உங்கப்பாவை இட்டுக்கினு வா" என்று ஜன்னலைச் சாத்துவார். ஆனால் வேட்டி கட்டிய ஆண்பிள்ளை வந்து நின்றால் போதும், யார் எவர் என்று கேட்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுவார்.

எழுபதுகளில் நான் பி.ஏ. கடைசி வருஷம். மேட்னி ஷோ பார்த்தே அட்டென்டன்ஸ் குறைந்துவிட்டது. (படங்கள் ஒன்றும் பிரமாதமில்லை. வகுப்பு அதைவிட மோசம்.) அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை. அவருக்கு தி.நகரில் பாத்திரக்கடை, திருநெல்வேலிக் கோபம். "காலேஜ்ல இருந்து ஒரு புகார் வந்தாலும் படிப்பு நின்னுபோவும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் வாயைத் திறக்காமல் இருந்தேன். சும்மா இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிய மகா புத்திசாலி நான்.

அந்த நேரம் பார்த்து, சைதாப்பேட்டை மளிகைக்கடைக்காரர் ஒருவர் தம் மகனோடு என்னைப் பெண் பார்க்க வந்தார். பாடச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே பஜ்ஜித் தட்டோடு போய் நின்றேன்.

"ஏம்மா, சரித்திரத்துல முப்பத்தொண்ணுதானா?" என்றார் அவர்.

தட்டு சாய்ந்து பஜ்ஜியெல்லாம் மாப்பிள்ளை மடியில்.

"உங்களுக்கு யாரு அண்ணாச்சி சொன்னா?" என்றார் அப்பா.

"பொண்ணைப் பத்தி விசாரிக்காமலா வருவோம்? காலேஜ் ஆபீசுக்குப் போனேன். பேரைச் சொன்னதும் அந்த கிளார்க்கு, 'இப்பத்தான் பொண்ணு ஞாபகம் வந்துச்சா?'ன்னு ஒரே ஏச்சு. மத்தியானம் வகுப்புக்கே வர்றதில்லையாம். என்னைப் பேசவே விடல. கையெழுத்துப் போடு, இல்லன்னா பரீட்சை கிடையாதுன்னுட்டாரு."

"நீங்க என்ன செஞ்சீய?"

"போட்டுட்டேன். புள்ள படிப்பு கெட்டுறக்கூடாதுல்லா?"

அப்பா எழுந்தே விட்டார். "நான் உசுரோட இருக்கும்போது என் மவளுக்கு நீரு எப்படிவே அப்பன் ஆவீரு?"

"கல்யாணம் முடிஞ்சா பாதி அப்பன்தானவே. கொஞ்சம் முந்திக்கிட்டேன்னு வச்சுக்கிடும்."

மறுநாள் அப்பா கடையைச் சாத்திவிட்டுக் கல்லூரிக்கு ஓடினார். கஜபதி அவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"இன்னா சார், வெளையாடுறியா? அந்தப் பொண்ணோட அப்பா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயாச்சு. கண்டவனுக்கெல்லாம் பொம்பளப் புள்ள விவரம் சொல்ல முடியாது."

கஜபதி மேல் வந்த கோபத்தில் அப்பா என் மேட்னியை மறந்தே போனார். பரீட்சை எழுதினேன். தேறினேன். பஜ்ஜி விழுந்த மடிக்காரரையே கட்டிக்கொண்டேன். என் பிள்ளைகள் மாமனாரைத் தாத்தா என்று கூப்பிட்டதே இல்லை. கடைசிவரை அவர் 'காலேஜ் அப்பா'தான்.

கஜபதி சார், பழைய மாணவிகள் கூட்டத்துக்கு இன்னும் வந்து முதல் வரிசையில் உட்காருகிறீர்களே, இந்தத் தடவை மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். எனக்கே சொல்லாத என் மார்க்கை, யாரென்று தெரியாதவரிடம் ஏன் சொன்னீர்கள்? அதுகூடப் போகட்டும். என்னைப் பெற்ற அப்பாவிடம், அப்பா இல்லை என்று சொல்லும்படி என்ன குறையைக் கண்டீர்கள்?